இரைச்சலைத் தணிக்கும் ஹெட்ஃபோன்

நேயர்களே, வணக்கம்.

நீண்ட விமானப் பயணம் முடிந்து இறங்கும்போது, உட்கார்ந்தே வந்திருந்தாலும் உடம்பு அடித்துப் போட்டாற்போல இருக்கும். தூக்கம் இல்லை, காற்று வறண்டிருந்தது என்று காரணம் சொல்வோம். வழிநெடுகக் காதில் ஏறிக்கொண்டே வந்த இரைச்சலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பறக்கும் விமானத்துக்குள் அது 80 டெசிபெலை ஒட்டி இருக்கும். அதையும் மீறிப் பாட்டு கேட்க வேண்டுமானால் சத்தத்தை இன்னும் ஏற்றுவோம். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. வாரத்துக்கு 80 டெசிபெல் என்றால் 40 மணி நேரம், 90 டெசிபெல் என்றால் வெறும் 4 மணி நேரம், இதுதான் உலக சுகாதார நிறுவனம் காதுக்குச் சொல்லும் வரம்பு.

1978-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகப் பேராசிரியர் அமர் போஸ் ஐரோப்பாவிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனைப் போட்டுப் பார்த்தார். இரைச்சலில் இசையே எடுபடவில்லை. அந்தப் பயணத்திலேயே இரைச்சலைத் தணிப்பதற்கான கணக்கைப் போடத் தொடங்கிவிட்டார். அவருடைய நிறுவனம் விமானிகளுக்கான ஹெட்செட்டை 1989-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பயணிகள் கைக்கு வர 2000 ஆயிற்று.

வேலை செய்யும் விதம் இதுதான். ஹெட்ஃபோனில் இருக்கும் சிறு மைக்குகள் இரைச்சலைக் கேட்கின்றன. அதன் அலை மேலே எழும்போது கீழே இறங்கும் எதிரலை ஒன்றை ஹெட்ஃபோன் எழுப்புகிறது. இரண்டும் காதருகே சேர்ந்து ஒன்றையொன்று தணித்துக்கொள்கின்றன. இஞ்சினின் அடித்தொண்டை உறுமலுக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். 100 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 100 முறை அதிரும் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 3.4 மீட்டர் நீளம். எதிரலை இம்மி பிசகினாலும் பாதகமில்லை. 5,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ ஓர் அலை 7 சென்டிமீட்டர்தான். அங்கே கொஞ்சம் தவறினாலும் தணிக்க வந்தது கூட்டிவிடும். அதனால்தான் பக்கத்து இருக்கைப் பேச்சும் குழந்தையின் அழுகையும் முழுக்க மறைவதில்லை. வாங்கியபின் ஏமாந்ததாக நினைப்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள்.

கீச்சென்ற அந்த உயர்சுருதி ஒலிகளைத் தடுப்பது மின்னணு வித்தை அல்ல, காதைச் சுற்றி அடைக்கும் மெத்தைதான். ஆகவே வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது மெத்தை இடைவெளியில்லாமல் படிகிறதா என்பதை. கண்ணாடி போடுபவர்கள் கண்ணாடியோடே போட்டுப் பாருங்கள். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிட்டால் உறுமல் அந்த இடுக்கு வழியே உள்ளே வரும். ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் தெரியும். அரை மணி நேரமாவது தலையில் இருக்கட்டும். உச்சந்தலை வலிக்கிறதா, காது வேர்க்கிறதா என்று அப்போதுதான் தெரியும். சிலருக்கு இரைச்சல் தணிந்ததும் காது அடைத்தாற்போல் ஓர் அழுத்தம் தோன்றும். அப்படியானால், தணிப்பின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிற மாடலைத் தேடுங்கள்.

காதுக்குள் வைக்கும் இயர்பட் பையில் இடம் அடைக்காது, தலை சாய்த்துத் தூங்கவும் தோது. ஆனால் ரப்பர் முனை உங்கள் காதுக்குச் சரியான அளவாக இருக்க வேண்டும். கூட வரும் எல்லா அளவுகளையும் மாற்றிப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். சார்ஜும் சீக்கிரம் தீரும். நீண்ட பயணம் அடிக்கடி போகிறவர்களுக்குக் காதை முழுக்க மூடும் ஹெட்ஃபோன்தான் என் தேர்வு.

வயர் செருகும் வசதியும் இருக்கட்டும். பல விமானங்களில் இருக்கைத் திரைக்கு இன்னும் வயர்தான் வேண்டும். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் பட்டன் ஒன்று கட்டாயம் வேண்டும். அறிவிப்பு வரும்போது கழற்றாமலே கேட்கலாம். சாலையில் நடக்கும்போது தணிப்பை அறவே நிறுத்திவிடுங்கள். வண்டிச் சத்தம் காதில் விழுந்தாக வேண்டும்.

வாங்கிவிட்டீர்கள், விமானம் ஏறிவிட்டீர்கள். முதலில் பாட்டு போடாமல் தணிப்பை மட்டும் இயக்குங்கள். உறுமல் அடங்கியதும் சத்தத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பாட்டின் வரி புரிகிற இடம் வந்ததும் கையை எடுத்துவிடுங்கள்.