ஆறு புள்ளி கொண்டுவந்தவர் அணிக்குச் சுமையா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

வயது வந்தோர் வயதுப் பிரிவு வாரியாக மோதும் மாஸ்டர்ஸ் நீச்சல் போட்டிகளில் அணிக் கோப்பையை மொத்தப் புள்ளியைப் பார்த்துக் கொடுப்பதா, தலைக்கு இத்தனை என்ற சராசரியைப் பார்த்துக் கொடுப்பதா என்பது இன்றைய வழக்கு. மொத்தப் புள்ளியே நியாயம் என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், அறுபது பேரோடு வரும் கழகம் பன்னிரண்டு பேரோடு வரும் கழகத்தைத் தண்ணீரில் வெல்வதில்லை, பெயர்ப் பட்டியலிலேயே வென்றுவிடுகிறது என்றார். அந்த வரிக்கு நானும் கைதட்டினேன். வரி நன்றாக இருந்தது. ஆனால் அதற்கு அவர் சொன்ன மருந்து, நோயைவிடக் கொடியது.

கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மாஸ்டர்ஸ் நீச்சலில் 25 வயதிலிருந்து ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் ஏறிக்கொண்டே போகின்றன. எட்டு லேன் உள்ள குளத்தில், ஒவ்வொரு பிரிவிலும் முதலிடத்துக்கு 9, அடுத்து 7, 6, 5 என்று எட்டாம் இடத்துக்கு 1 வரை புள்ளி தருவதும், ரிலேக்கு அதை இரட்டிப்பதும் பலரும் அறிந்த முறை. இப்போது ஓர் அணியில் நான்கு பேர் இருக்கிறார்கள், ஆளுக்கு 40 புள்ளி எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 160, சராசரி 40. ஐந்தாவதாக ஒருவர் வருகிறார். நாற்பது வயதுக்கு மேல் நீச்சல் பழகியவர். இரண்டு பந்தயங்களில் இறங்கி 6 புள்ளி கொண்டுவருகிறார். மொத்தப் புள்ளி 166 ஆக உயர்கிறது. எதிரணி கேட்கும் சராசரியோ 33.2 ஆக இறங்குகிறது. அந்த மனிதர் யாரிடமும் தோற்றுத் தன் அணியைக் கெடுக்கவில்லை. குளத்தில் இறங்கியதுதான் அவர் செய்த குற்றம். அடுத்த ஆண்டு விண்ணப்பம் நிரப்பும் அணித் தலைவர் அவரிடம் என்ன சொல்வார்? வெளிப்படையாக ஒன்றும் சொல்லமாட்டார். “இந்த முறை நீங்கள் நேரம் குறிக்க உதவினால் போதும்” என்பார். அவ்வளவுதான், ஒரு நீச்சல்காரர் ஸ்டாப்வாட்ச்காரர் ஆகிவிடுவார்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், ஆளில்லாத பிரிவில் ஒற்றையாக நீந்துபவருக்கு முழு 9 புள்ளி கிடைக்கிறது, கூட்டம் நிறைந்த 45–49 பிரிவில் ஒன்பதாவதாக வந்தவருக்கு ஒன்றுமில்லை, இது என்ன நீதி என்று கேட்டார். கேள்வி கூர்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு போட்டியில், 25 மீட்டர் குளத்தில், 200 மீட்டர் பட்டர்ஃபிளை. எழுபத்தைந்து கடந்த ஒருவர். மேடையிலிருந்து குதிக்கவில்லை, தண்ணீருக்குள் நின்று சுவரை உந்திப் புறப்பட்டார், மாஸ்டர்ஸ் விதி அதை அனுமதிக்கிறது. இரு காலையும் சேர்த்து மேலும் கீழும் அடிக்கும் டால்ஃபின் உதை வரவில்லை, தவளையைப் போல் விரித்து உதைக்கும் பிரெஸ்ட்ஸ்ட்ரோக் உதையே உதைத்தார், விதி அதையும் அனுமதிக்கிறது. ஆனால் சுவரைத் தொடும்போது இரு கையும் ஒன்றாகத் தொட வேண்டும் என்பதில் வயதுக்குச் சலுகை கிடையாது. மற்ற லேன்களில் இளையவர்கள் முடித்துக் கரையேறித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்ட பிறகும் அவருக்கு இரண்டு நீளம் பாக்கி இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் நடுவர் குனிந்து பார்த்தார்; ஒவ்வொரு முறையும் இரண்டு உள்ளங்கையும் ஒன்றாகவே விழுந்தன. அவர் வயதுப் பிரிவில் வேறு யாருமில்லை. ஏன் இல்லை? அந்த வயதில் அந்தப் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்க எவரும் துணியவில்லை. வராதவர்கள் எல்லோரையும் வென்றுதான் அவர் அந்த 9 புள்ளியை வாங்கினார். அதை இனாம் என்று சொல்பவர், ஒரு முறை அந்த எட்டாவது நீளத்தை நீந்திவிட்டு வந்து சொல்லட்டும்.

ஜப்பானின் மியெகோ நாகாஓகாவை இந்த அவையில் பலர் அறிந்திருப்பீர்கள். எண்பது வயதை எட்டிய பிறகு நீச்சல் பழகி, 2015-இல் தம் 100-ஆவது வயதில், 25 மீட்டர் குளத்தில் 1500 மீட்டரை 1 மணி 15 நிமிடம் 54.39 விநாடியில் முடித்தவர். அறுபது நீளம். போட்டியாளர் இல்லை என்பதற்காக அவருக்குப் புள்ளியைக் குறைக்கலாமா என்று எதிரணியைக் கேட்கிறேன்.

இதற்கு மாற்றாக அவர்கள் இன்னொரு வழியும் சொன்னார்கள்: இடத்தை விட்டுவிட்டு, சாதனை நேரத்தோடு ஒப்பிட்டுப் புள்ளி தரலாமாம். உலக நீச்சல் அமைப்பு பயன்படுத்தும் சூத்திரத்தில், உலகச் சாதனையை ஒட்டிய அடிப்படை நேரத்தை நீந்தியவரின் நேரத்தால் வகுத்து, வந்ததை மும்மடி ஆக்கி, 1000-ஆல் பெருக்குகிறார்கள். உச்சத்தில் இருப்பவர்களைத் தரம் பிரிக்க அது அருமையான கருவி. ஆனால் சாதனை நேரத்தைப் போல இரு மடங்கு எடுத்துக்கொண்டவருக்கு அதில் கிடைப்பது 500 அன்று, 125. மாஸ்டர்ஸ் குளத்தில் இரு மடங்கு நேரத்தில் நீந்துபவர் அரிய பிறவி அல்லர். பக்கத்து லேனிலேயே இருப்பார். அந்தச் சூத்திரத்தை அணிக் கோப்பைக்குக் கொண்டுவந்தால், முன்னாள் தேசிய வீரர் ஒருவர் எட்டுச் சாதாரண நீச்சல்காரர்களுக்குச் சமமாகிவிடுவார். பிறகு அது அணிக் கோப்பையா, ஒருவர் கோப்பையா?

சிறிய அணி, நடுத்தர அணி, பெரிய அணி என்று பிரிக்கலாம் என்பதையும் மறுக்க வேண்டியிருக்கிறது. பதினைந்து பேர் வரை சிறிய அணி என்று கோடு போட்டால், பதினாறாவது ஆள் வீட்டில் இருப்பார். வேறொன்றும் மாறாது.

இனி நான் விட்டுக்கொடுக்கும் இடம். எதிரணியின் கோபத்தில் உண்மை இருக்கிறது. அது பெரிய கழகத்தின் மீது அல்லாமல், காகிதக் கழகத்தின் மீது பாய்ந்திருக்க வேண்டும். ஒரு வட்டாரம் முழுவதும் பத்துக் குளங்களில் பத்துப் பயிற்சியாளர்களிடம் பழகி, ஒருவர் முகத்தை ஒருவர் அறியாமலேயே, போட்டிக்கு மட்டும் ஒரே பெயரின் கீழ் சேர்கிறவர்கள், நாள்தோறும் விடியற்காலையில் ஒரே குளத்தில் ஒன்றாக இறங்கும் பன்னிரண்டு பேரோடு ஒரே தட்டில் நிறுக்கப்படுவது முறையன்று. அமெரிக்க மாஸ்டர்ஸ் தேசியப் போட்டிகளில் வட்டாரக் கழகங்களையும் உள்ளூர்க் கழகங்களையும் தனித்தனியே வரிசைப்படுத்துகிறார்கள். அதை நாங்கள் மனமார ஏற்கிறோம். அணி எது என்பதற்கு இலக்கணம் வகுப்பது வேறு. வகுத்த அணிக்குள் வந்த ஆளைக் கழித்துப் பார்ப்பது வேறு. எதிரணி முதலாவதைச் சொல்ல வந்து இரண்டாவதைச் செய்துவிட்டது.

ரிலேயைப் பாருங்கள், கூட்டிப் பார்ப்பது எவ்வளவு இயல்பாக இந்த விளையாட்டின் ரத்தத்தில் கலந்திருக்கிறது என்பது தெரியும். உலகப் போட்டி விதிப்படி நான்கு பேரின் வயதைக் கூட்டித்தான் பிரிவு: 100–119, 120–159, 160–199 என்று தொடங்கி 320–359, அதற்கும் மேல் 360. 82, 80, 79 வயதில் மூன்று பேரை வைத்திருக்கும் அணித் தலைவர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டினால் 241. 320–359 பிரிவை எட்ட இன்னும் 79 வேண்டும். முறை மொத்தப் புள்ளியாக இருந்தால், நீந்துவதை விட்டு நாளாகிவிட்ட பழைய தோழர் ஒருவரை அன்று மாலையே அவர் தொலைபேசியில் அழைப்பார். 50 மீட்டர் போதும், மெதுவாக வந்தாலும் போதும், மேடையில் ஏற வேண்டியதும் இல்லை என்பார். சராசரி முறையில் அதே தலைவர், அந்த நாலாவது ஆள் வந்தால் தலைக்கு எவ்வளவு குறையும் என்று முதலில் கால்குலேட்டரை எடுப்பார். இந்த இருவரில் எவரை உருவாக்கும் விதி நமக்கு வேண்டும் என்பதைத் தீர்ப்பில் சொல்லுங்கள் என்று நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.