திட்டுவதற்கும் தமிழ் வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். எங்கள் அப்பாயி திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்க்காரர். ஒருமுறை சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தோம். "இதோ காப்பி வருது" என்று சொல்லி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அப்பாயி கூடத்தில் உட்கார்ந்தபடியே சொன்னார்: "மேட்டூர்ல தொறந்த தண்ணி எங்க ஊரு வாய்க்காலுக்கே வந்துட்டுது சம்பந்தி. அடுக்களையில வச்ச காப்பிதான் கூடத்துக்கு வந்து சேரல." சம்பந்தியம்மாள் சிரித்துக்கொண்டே உள்ளே ஓடினார்.

கல்லணையில் பிரிந்து, ஒவ்வொரு மதகாகத் தாண்டி வரும் தண்ணீருக்காக வரப்பில் நின்று காத்திருந்தவர்களுக்குத்தான் அந்தச் சொல்லின் கனம் தெரியும். அப்பாயி பள்ளிக்கூடம் போனதில்லை.

இதே கதை நாகப்பட்டினத்தில் வெண்பாவாகவே இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டுக் கவிஞர் காளமேகம், பசியோடு காத்தான் என்பவருடைய சத்திரத்துக்குப் போனார், சோறு வர நள்ளிரவு தாண்டிவிட்டது என்று வழிவழியாகச் சொல்வார்கள். அப்போது பாடியது இது:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

பொழுது சாயும்போதுதான் அரிசியே வரும். குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் உறங்கிவிடும். ஓர் அகப்பைச் சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். ஒரு வசைச்சொல்கூட இல்லை, கவனித்தீர்களா? நேரத்தை மட்டும் சொல்கிறார். கேட்ட காத்தான் பதறிப்போய்க் கெஞ்ச, கவிஞர் ஓர் எழுத்தையும் மாற்றாமல் அதே பாட்டுக்கு வேறு பொருள் சொன்னாராம். நாட்டில் அரிசி அற்றுப்போகும் பஞ்சத்திலும் இங்கே அரிசி வரும். உலையேற்றினால் ஊர்ப்பசி அடங்கும். இலையில் விழும் அன்னம் வெள்ளி நட்சத்திரம் போல வெளுத்திருக்கும். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே இதுதான். திட்டு வாங்கியவர் மானத்தோடு வெளியேற ஒரு கொல்லைக்கதவைத் திறந்து வைத்திருக்கிறது அந்த வெண்பா.

காளமேகத்தின் எல்லா வசையும் எனக்கு உகந்ததல்ல. குடுமியையும் குலத்தையும் இழுத்துப் பாடியவையும் உண்டு. சாதியை, உடம்பை, பெற்ற தாயை இழுத்துத் திட்ட யாருக்கும் தமிழ் தேவையில்லை. இன்று நம் காதில் அதிகம் விழுவது அந்த வகைதான் என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

தேரழுந்தூர்க் கம்பர் ஒளவையாரிடம் 'அடி' போட்டு விடுகதை கேட்டார் என்றும் ஒரு கதை. விடை, நம் வயல்களில் முளைக்கும் நாலிலை ஆரைக்கீரை. ஒளவையார் "எட்டேகால் லட்சணமே" என்று தொடங்கினார். தமிழ் எண்ணில் எட்டு 'அ', கால் 'வ'. சேர்த்தால் அவலட்சணம்! கடைசியில் "ஆரையடா சொன்னாயடா" என்று விடையும் சொல்லி, ஓர் 'அடி'க்கு இரண்டு 'அடா'வையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சரி, இவர்களெல்லாம் மனிதரைத் திட்டியவர்கள். திருவாரூரில் சுந்தரர் சிவபெருமானையே நேருக்கு நேர் கேட்டார். இரு கண்ணும் போய், காஞ்சியில் ஒன்று மட்டும் கிடைத்து, அந்த ஒற்றைக் கண்ணோடு வந்து நின்றவர் அவர். நான் ஒரு குற்றமும் செய்யவில்லை, என்னைக் குருடனாக்கினீர், பழி உமக்குத்தான் என்கிறார். அப்புறம், "மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே." தராவிட்டால் போங்கள், நீங்களாவது நன்றாக வாழுங்கள்! வாழ்த்துத்தான். ஆனால் மனம் நொந்தவர்கள் "நல்லா இருங்க சாமி" என்று சொல்லிவிட்டு எழுந்து போகும் அதே குரல். பாட்டுக்குப் பாட்டு அதையே சொல்லி முடிக்கிறார். அந்தப் பதிகத்தைக் கேட்டு இறைவன் மற்றக் கண்ணையும் கொடுத்தார் என்கிறது பெரியபுராணம்.

வணக்கம்.