தெரிஞ்சே ஏன் சார் செய்யறான்?

வணக்கம். மேல்நிலை வகுப்புப் பிள்ளைகளுக்குப் பல காலம் பாடம் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கடைத்தெருவில் பெற்றோர்கள் என்னை நிறுத்திக் கேட்பது ஒரே கேள்விதான். "எல்லாம் தெரியும் சார் அவனுக்கு. தெரிஞ்சே ஏன் சார் செய்யறான்?" ஹெல்மெட் போடணும்னு தெரியும், போடமாட்டான். நாளைக்குப் பரீட்சைன்னு தெரியும், ராத்திரி ஒரு மணிவரைக்கும் போன். இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது. பிள்ளைக்குத் தெரியும் என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆனால் வீட்டுக்குப் போனதும் அவனை உட்காரவைத்து, தெரிந்ததையே மறுபடியும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பத்துப் பன்னிரண்டு வயதைத் தாண்டியதும் யோசிக்கும் விதமே மாறுகிறது. ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி ஊசலாட விடுங்கள். அது வேகமாகவோ மெதுவாகவோ ஆடுவதற்குக் காரணம் கயிற்றின் நீளமா, கல்லின் எடையா, நாம் தள்ளிய வேகமா? பார்பெல் இன்ஹெல்டர், ழான் பியாஜே என்ற உளவியலாளர்கள் சுவிட்சர்லாந்தில் பிள்ளைகளிடம் இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் கயிற்றையும் கல்லையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு விழிப்பார்கள். பெரிய பிள்ளைகள் மற்றதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார்கள். "இப்படி இல்லாமல் வேறு மாதிரி இருந்தால் என்ன?" என்று கேட்கத் தெரிகிற வயது அது. வீட்டில் எதிர்த்துப் பேச ஆரம்பிப்பதும் அதே வயதில்தான். கோபப்படாதீர்கள், இரண்டும் ஒரே மூளை செய்கிற வேலை.

சரி, யோசிக்கத் தெரிந்தவன் ஏன் அப்படி நடந்துகொள்கிறான்? எனக்குப் பிடித்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். என்னைத் தெரிந்தவர்கள் "மறுபடியும் கார் கதையா" என்பார்கள். பரவாயில்லை.

மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் இருவர் 2005இல் வெளியிட்டது. கம்ப்யூட்டரில் ஒரு கார் விளையாட்டு. சிக்னலில் மஞ்சள் விளக்கு எரியும்போது கார் ஓடிக்கொண்டிருக்கும். எவ்வளவு தூரம் ஓட்டுகிறோமோ அவ்வளவு புள்ளிகள். சிவப்பு விழும்போதும் ஓட்டிக்கொண்டிருந்தால் மோதிவிடும், புள்ளிகள் போச்சு. எப்போது சிவப்பு விழும் என்று தெரியாது. அவ்வளவுதான் விளையாட்டு. மூன்று வயதுப் பிரிவினர் ஆடினார்கள்: 13 முதல் 16 வரை, 18 முதல் 22 வரை, அப்புறம் 24க்கு மேற்பட்டவர்கள். சிலர் தனியாக ஆடினார்கள். மற்றவர்கள் தங்கள் வயதுக்காரர் இரண்டு பேரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

தனியாக ஆடியபோது பெரிய வித்தியாசமே இல்லை. இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். பதினைந்து வயதுப் பையன் தனியாக இருந்தால், ஏறக்குறைய பெரியவர்கள் நிறுத்துகிற இடத்தில் அவனும் நிறுத்திவிடுகிறான். கூட்டாளிகள் பக்கத்தில் இருந்தபோது? பெரியவர்களிடம் மாற்றமில்லை. நடுப் பிரிவினர் துணிந்து இறங்குவது ஒன்றரை மடங்கானது. சின்னவர்களிடம் இரண்டு மடங்கு. அதே விளையாட்டு, அதே சிக்னல்.

2011இல் இதே போன்ற விளையாட்டை மூளையைப் படம்பிடிக்கும் ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து ஆடச் சொன்னார்கள். நண்பர்கள் அந்த அறையில்கூட இல்லை. பக்கத்து அறையில் திரையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்கிறார்கள் என்று தெரிந்ததே போதுமாக இருந்தது. பரிசு கிடைக்கப்போகிறது என்றால் மூளையில் துடிப்பாகிற பகுதி இளம் பிள்ளைகளிடம் இன்னும் துடிப்பானது. பெரியவர்களிடம் அப்படி நடக்கவில்லை.

அமெரிக்காவில்தானே இப்படி என்று யாராவது கேட்பீர்கள். இந்தியா, சீனா, கென்யா, சுவீடன் என்று 11 நாடுகளில், 10 வயதிலிருந்து 30 வயதுவரை 5,000 பேருக்கு மேல் பின்னால் ஆராய்ந்தார்கள். நிதானமாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் சுமார் 16 வயதில் பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. பரபரப்பிலும் உணர்ச்சியிலும் தன்னை நிறுத்திக்கொள்ளும் திறன் அதற்குப் பிறகும், இருபதுகளுக்குள்ளும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி முதிர்வதற்கும் அவ்வளவு காலம் பிடிக்கிறது. இதை விளக்க "ஆக்சிலரேட்டர் இருக்கு, பிரேக் இல்லை" என்று மேடையில் சொல்வார்கள். கேட்டால் எனக்குக் கோபம் வரும். தனியாக ஓட்டும்போது அந்த பிரேக் நன்றாகத்தானே பிடிக்கிறது!

இப்போது நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மாணவி. பத்தாவது முடித்தவள், காமர்ஸ் குரூப் வேண்டும் என்றாள். சும்மா கேட்கவில்லை, ஒரு நோட்டைக் கொண்டுவந்தாள். பக்கத்து ஊர்களில் எந்தக் கல்லூரியில் பி.காம். இருக்கிறது, பஸ் எத்தனை மணிக்கு, சி.ஏ. முதல் தேர்வைப் பிளஸ் டூ முடித்ததும் எழுதலாமா, ஆடிட்டர் ஆபீசில் என்ன வேலை செய்வார்கள். தெருவில் இருந்த ஒரு வங்கி ஊழியரைக் கேட்டு எழுதியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் "சி.ஏ. பாஸ் ஆகவில்லை என்றால்" என்று தலைப்புப் போட்டு, கீழே மூன்று வழிகள். எனக்குத் தெரிந்த எத்தனையோ பெரியவர்கள் நிலம் வாங்கும்போதுகூட இவ்வளவு யோசித்ததில்லை. அவளுடைய அப்பா நோட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "சின்னப் பொண்ணு சார், அவளுக்கு என்ன தெரியும்? ஃபர்ஸ்ட் குரூப் போடுங்க."

அதே வீட்டில் அவளுக்கு ஒரு தம்பி, ஒன்பதாவது. ட்யூஷனுக்கு அப்பாவின் பைக்கில் வருவான். அப்பாவிடம் கேட்டேன். "பொறுப்பான பையன் சார். நான் பின்னாடி உட்கார்ந்து பார்த்திருக்கேன், சூப்பரா ஓட்டறான்." அவர் சொன்னது பொய்யில்லை. அப்பா பின்னால் உட்கார்ந்திருந்தால் அவன் ஒழுங்காகத்தான் ஓட்டுவான். ட்யூஷன் முடிந்ததும் பின்னால் இரண்டு பேர் ஏறிக்கொள்வார்களே, அதை அவர் பார்த்ததில்லை. கார் விளையாட்டில் இருந்ததும் அதே கூட்டம்தான்: ஒருவன் ஓட்ட, இருவர் பார்க்க.

நாள்கணக்கில் யோசிக்க நேரம் இருக்கிற விஷயத்தை அந்த அக்காவிடம் கொடுக்கவில்லை. கண்மூடித் திறப்பதற்குள் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் தம்பி கையில் சாவி. ஆண், பெண் என்ற கணக்கும் அதில் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பொண்ணு இரண்டு வருடம் இயற்பியலோடு மல்லுக்கட்டிவிட்டு பி.காம்.தான் சேர்ந்தாள்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் செய்த திருத்தப்படி, 18 வயது ஆகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டுவரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது. நியூசிலாந்தில் 1987லேயே இன்னொரு வழி கொண்டுவந்தார்கள். புதிதாக ஓட்டுகிற இளைஞர் இரவில் ஓட்டவும், வண்டியில் ஆள் ஏற்றவும் கட்டுப்பாடு. புத்தி சொல்வதற்குப் பதிலாகக் கூட்டத்தைக் குறைத்தார்கள்.

வீட்டிலும் இதைச் செய்யலாம். பிள்ளைக்கு ஒரு சாக்கு கொடுத்து அனுப்புங்கள். "எங்கப்பா சாவியைப் பூட்டி வெச்சுட்டார்டா" என்று சொல்ல முடிந்தால், நண்பர்கள் முன்னால் அவன் மானம் போகாது. திட்டு உங்களுக்கு விழட்டும், என்ன இப்போது. "எந்த நேரத்தில் எங்கே மாட்டிக்கொண்டாலும் போன் பண்ணு, வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், கேள்வியெல்லாம் மறுநாள்" என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சொல்லிவிட்டால் அன்று ராத்திரி வாயைத் திறக்கக் கூடாது. அதுதான் கஷ்டம். குரூப், கல்லூரி மாதிரியான விஷயங்களில் அந்த நோட்டை வாங்கிப் படியுங்கள். படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், அது வேறு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வானொலி நிலைய நண்பர், நேரம் முடிகிறது என்று விரலைக் காட்டுகிறார். தூக்கத்தைப் பற்றிப் பாதி நேரம் பேச நினைத்திருந்தேன்! சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகிறது, தூக்கம் தாமதமாகத்தான் வரும். எல்லாப் பழியும் போன் மேல் இல்லை. பிள்ளைகள் எட்டரைக்கு முன் வகுப்பில் உட்கார வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல் சொன்னது. காலையில் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கும் தலைமை ஆசிரியர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், அதைச் சாயங்காலத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். மீதியை இன்னொரு நாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். வணக்கம்.