மூன்று சத்திரம் வரை வந்தவர்கள்

(திருகோணமலையில் பல சபையினரும் கூடிய ஜெபக்கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

போதகர்களே, குருக்களே, அன்பான சகோதர சகோதரிகளே,

அப்போஸ்தலர் நடபடிகள் 28ஆம் அதிகாரத்தை வாசிக்கும்போது பவுல் கரைசேர்ந்த மெலித்தா தீவும், அங்கே அவர் கையைக் கவ்விய விரியன் பாம்பும் எங்களைப் பிடித்துக்கொள்ளும். 15ஆம் வசனத்தை விட்டுவிடுவோம். பவுல் கைதியாக ரோமாபுரிக்குப் போகிறார். பதினான்கு நாள் கடலில் அலைக்கழிந்து, கப்பல் உடைந்து, உயிரோடு கரைசேர்ந்த 276 பேரில் அவரும் ஒருவர். கடல் என்ன செய்யும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அவர் வருகிற செய்தி கேட்டு ரோமாபுரி விசுவாசிகள் புறப்பட்டு வருகிறார்கள். சிலர் மூன்று சத்திரம் என்ற ஊர் வரைக்கும், சிலர் அப்பியுபுரம் வரைக்கும். அப்பியுபுரம் ரோமாபுரியிலிருந்து ஏறக்குறைய 65 கிலோமீற்றர் தூரம். இங்கிருந்து கந்தளாயையும் தாண்டிப் போகவேண்டும். அந்தச் சபைக்குப் பவுல் அதுவரை போனதேயில்லை. ஆனாலும் வந்தார்கள். அவர்களைக் கண்டு பவுல் தேவனை ஸ்தோத்திரித்துத் தைரியமடைந்தார் என்று, நடபடிகளை எழுதிய லூக்கா சொல்லுகிறார்.

தைரியமடைந்தார் என்றால், அதற்கு முன் அது குறைந்திருந்தது என்றுதானே அர்த்தம்? பாம்பை நெருப்பில் உதறிவிட்ட மனிதருக்கு! வந்தவர்கள் என்ன கதைத்தார்கள் என்று லூக்கா ஒரு வரிகூட எழுதவில்லை.

இதைப் பவுல் முன்பே கேட்டிருந்தார். ரோமருக்கு எழுதின நிருபத்தின் முதலாம் அதிகாரத்தில், உங்கள் விசுவாசத்தால் நானும் ஆறுதலடைய விரும்புகிறேன் என்கிறார். 15ஆம் அதிகாரத்தில் ஜெபத்துக்கும் விபரம் கொடுக்கிறார்: யூதேயாவில் எதிர்ப்பவர்களிடமிருந்து தப்பவேண்டும், எருசலேமுக்குக் கொண்டுபோகும் உதவியை அங்குள்ளவர்கள் மனதார ஏற்கவேண்டும். நாங்களோ, "எங்கள் போதகரை ஆசீர்வதியும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு, நீண்ட ஜெபத்தை எங்கள் பிள்ளைகளின் சோதனைக்கும் வெளிநாட்டு விசாவுக்கும் வைத்துக்கொள்கிறோம். (சிரிக்கிறீர்கள். நானும் அந்தக் கூட்டம்தான்.)

மெதடிஸ்த போதகருக்குச் சில வருடங்களுக்கொருமுறை இடமாற்றம் வரும். அவருடைய பிள்ளைகள் புதுப் பள்ளிக்கூடத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறோமா? நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்கு நாங்கள் கூப்பிடுகிற கத்தோலிக்க சுவாமிக்குப் பிரஷர் இருக்கிறதென்று எத்தனை பேருக்குத் தெரியும்?

போதகர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பவுல் கேட்டார். நீங்கள் கேட்பதில்லை. "எல்லாம் சுகம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனால், எதற்காக ஜெபிப்பது?

எங்கள் மாகாணத்தில் ஊழியர்களைத் தாங்குவது சின்ன விஷயமல்ல. இங்கே புனித சூசையப்பர் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய இயேசு சபைக் குரு யூஜின் ஹெபர்ட், யுத்தம் நடந்த 1990 ஆகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வழியில், கூடப்போன தமிழ் வாலிபரோடு காணாமற்போனார். பிறந்த நாடு அமெரிக்கா, போயிருக்கலாம். சனத்தோடு நின்றார். அப்படி நிற்பவர்களுக்குப் பயமில்லை என்று நாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறோம்.

இப்போது எழுந்து நிற்போம். உங்கள் சபை ஊழியருக்கல்ல, பக்கத்தில் நிற்பவருடைய சபை ஊழியருக்காக ஜெபியுங்கள். அந்த ஊழியருக்கு என்ன தேவை என்று முதலில் பக்கத்தில் நிற்பவரிடம் கேளுங்கள். தெரியாது என்றால், இன்றிரவே ஊழியருக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்கச் சொல்லுங்கள்.