வரலாற்று விளக்கமும் அறிவியலே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வரலாற்றை விளக்குவது அறிவியலா, கதை சொல்லலா என்பது கேள்வி. எதிரணித் தலைவி என்ன சொல்லிவிட்டுப் போனார்? "1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்ததை ஆய்வுக்கூடத்தில் திரும்ப நடத்திக் காட்ட முடியுமா? முடியாதென்றால் அது அறிவியல் இல்லை" என்றார். கைத்தட்டல் பலமாகத்தான் இருந்தது.

சரி, டைனோசர்கள் அழிந்ததை மட்டும் திரும்ப நடத்த முடியுமா? 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரே தடவை நடந்தது அது. 1980-இல் அல்வாரெஸ் என்ற தந்தையும் மகனும் தங்கள் குழுவோடு, ஒரு மெல்லிய களிமண் அடுக்கில், பூமியின் மேற்பரப்பில் அரிதான, விண்கற்களில் அதிகமுள்ள இரிடியம் என்ற உலோகம் அளவுக்கு மீறி இருப்பதைக் காட்டி, விண்கல் மோதியிருக்கிறது என்றார்கள். பிறகு மெக்சிகோவில் அது விழுந்த பள்ளமே அடையாளம் காணப்பட்டது. தடயத்தை வைத்துப் பேசினார்கள். அதை யாரும் கதை என்பதில்லை.

நம் ஊருக்கு வருவோம். "பீரங்கி எல்லாம் கடலைப் பார்த்து நின்றது, ஜப்பான்காரன் பின்பக்கமாக வந்துவிட்டான்." காப்பிக்கடையில் இன்றும் கேட்கலாம். அருமையான கதை. ஆனால் தடயம் ஒத்துழைக்கவில்லையே! சாங்கியில் இருந்த ஜொகூர் பேட்டரி என்ற பிரிட்டிஷ் பீரங்கித் தளத்தின் 15 அங்குலப் பீரங்கிகள் நிலப்பக்கம் திரும்பிச் சுட்டன. கையிருப்பில் இருந்ததோ பெரும்பாலும் கப்பல் கவசத்தைத் துளைக்கும் குண்டு. காலாட்படைக்கு எதிராக அதனால் பெரிய பயனில்லை. குண்டு சரியாக இருந்திருந்தால் தீவு தப்பியிருக்குமா? அதையும் கேட்கிறார்கள். வானம் ஜப்பானியர் கையில், 1941 டிசம்பர் 10-இலேயே பிரிட்டனின் இரண்டு பெரிய போர்க்கப்பல்கள் கடலடியில். தப்பியிருக்காது என்றே தோன்றுகிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அதே 1942 ஜனவரியில் கார்ல் ஹெம்பல் என்ற தத்துவ அறிஞர், வரலாற்று விளக்கத்துக்கும் பொதுவிதி வேண்டும் என்று எழுதினார். 1957-இல் வில்லியம் டிரே அதை மறுத்தார்: ஒருவர் நிலையில் அந்தச் செயல் ஏன் சரியாகப் பட்டது என்று காட்டினால் போதும் என்றார். நான் டிரே பக்கம். சிங்கப்பூரைக் காத்த பிரிட்டிஷ் படைத் தளபதி பெர்சிவல் பிப்ரவரி 15-இல் சரணடைந்ததை எந்த விதியிலிருந்தும் கணக்குப் போட்டு எடுக்க முடியாது. ஆனால் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது, எதிரிப்படை தன் படையைவிடச் சிறியது என்று அவருக்குத் தெரியாது என்பதையெல்லாம் ஆவணத்தில்தானே தேடுகிறோம்?

எதிரணியின் அடுத்த பேச்சாளரிடம் ஒரு கேள்வி. எல்லாமே கதைதான் என்றால், பீரங்கிக் கதை தவறு என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.