எஸ்ஏடி மார்க்கை அனுப்பலாமா, மறைக்கலாமா?

[திரையில்: கல்லூரி விண்ணப்பம். ‘தேர்வு மதிப்பெண்ணை அனுப்புகிறீர்களா?’ ஆம் / இல்லை]

அமெரிக்காவுல காலேஜ்ல சேர எழுதுற தேர்வு எஸ்ஏடி. அதுல ஒரு பொண்ணு 1600க்கு 1400 வாங்கியிருக்கான்னு வெச்சுக்கோங்க. டார்ட்மவுத்ங்கிற பெரிய காலேஜுக்கு அப்ளை பண்றா. இந்தக் கேள்விக்கு ‘இல்லை’ன்னு போடுறா. இவ்ளோ நல்ல மார்க்கை ஏன் மறைக்கணும்?

2020ல கொரோனாவால தேர்வு மையங்களை மூடினதும், பெரிய காலேஜெல்லாம் ‘இஷ்டம்னா மார்க்கை அனுப்புங்க’ன்னு விட்டுட்டாங்க. (போடவின் காலேஜ் 1969லயே இப்படிப் பண்ணிடுச்சு.) ஏழைப் பிள்ளைங்களுக்கு இது நல்லதுன்னு பலரும் நம்பினாங்க. நம்பினதுல தப்பும் இல்ல. பொருளாதார நிபுணர் ராஜ் செட்டி குழு 2023ல வெளியிட்ட கணக்குப்படி, 1300க்கு மேல வாங்குற வாய்ப்பு ஏழை வீட்டுப் பிள்ளையைவிட உச்சி 1% பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு 13 மடங்கு.

[திரையில்: மேலே ஏறும் பட்டை]

சிக்கல் எங்க வந்துச்சுன்னா, சேர்ந்தவங்க எவ்ளோ வாங்கினாங்கன்னு காலேஜ் வருஷாவருஷம் வெளியிடும். இப்போ நிறைய வாங்கினவங்க மட்டும்தானே அனுப்புறாங்க? அதனால அந்த நம்பர் தானா ஏறுது. அதைப் பார்த்து 1400 வாங்கினவ பயந்து மறைக்கிறா. அடுத்த வருஷம் இன்னும் ஏறுது.

ஆனா சேர்க்கை அதிகாரி வெறும் 1400ஐப் பார்க்கிறதில்ல. விண்ணப்பத்தோட அவ ஸ்கூலைப் பத்தின குறிப்பும் வரும். அங்க சராசரியே 950ன்னா, இந்த 1400 தனியா தெரியும். டார்ட்மவுத் பேராசிரியர்கள் ஆராய்ஞ்சப்போ, உதவியிருக்கக்கூடிய மார்க்கை வசதியில்லாத பிள்ளைங்க பலர் மறைச்சிருந்தது தெரிஞ்சுது. 2024 பிப்ரவரியில எஸ்ஏடி, இல்லேன்னா அதே மாதிரி இன்னொரு தேர்வான ஏசிடி, ரெண்டுல ஏதாவது ஒண்ணு கட்டாயம்னு திரும்ப அறிவிச்சாங்க.

எஸ்ஏடி நியாயமான தேர்வுன்னு நான் வாதாட வரல. மார்க்கை எடுத்துட்டா மிஞ்சுறது கட்டுரை, சிபாரிசுக் கடிதம், வெளிநாட்டுல போய்ப் பண்ணின சமூக சேவை. இதுல காசு பேசாதுன்னு யாராவது சொன்னா சிரிப்புதான் வருது.

எம்ஐடி 2022லயே மார்க்கைத் திரும்பக் கட்டாயமாக்கிடுச்சு. எந்தப் பாடம் எடுத்தாலும் அங்க கால்குலஸ் ரெண்டு செமஸ்டர், இயற்பியல் ரெண்டு செமஸ்டர் படிச்சே ஆகணும். அதுக்குக் கணக்குல எவ்ளோ தயாரா இருக்காங்கன்னு பார்க்க மார்க் வேணும்ங்கிறது அவங்க வாதம். பிரவுன், ஹார்வர்ட், கால்டெக் பல்கலைக்கழகங்களும் 2024ல இதே முடிவுக்கு வந்துச்சு.

[திரையில்: கலிபோர்னியா வரைபடம்]

கலிபோர்னியா பல்கலைக்கழகமோ நேர் எதிர். அதோட வளாகங்களான பெர்க்லிக்கோ யுசிஎல்ஏவுக்கோ அப்ளிகேஷன் போடுறவங்க 1600 வாங்கியிருந்தாலும், சேர்க்கையில அதை யாரும் பார்க்க மாட்டாங்க. சேர்ந்தப்புறம் எந்த வகுப்புல உட்கார வைக்கலாம்னு முடிவு பண்ண வேணும்னா பயன்படும்.