கட்டளையும் சீலமும்

தலைமை தாங்கும் பஞ்சாயத்துத் தலைவர் அம்மையார் அவர்களே, காலைத் திருப்பலி முடிந்த கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, எனக்கு எழுத்தறிவித்தவரின் மகனும் இந்நாள் தலைமையாசிரியருமான பெரியவரே, எல்லையிலுள்ள வேலந்தாவளத்துக்கு அப்பால் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, கொழிஞ்சாம்பாறைத் தமிழ்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்த நூலகத்தாருக்குத் தனி வணக்கம்.

கிறித்தவமும் பௌத்தமும் ஒழுக்கத்தை அணுகும் முறையை மூன்று வினாக்களால் ஒப்பிட எண்ணியுள்ளேன். ஒழுக்கம் யார் வாய்மொழியாக வருகிறது? குற்றம் செயலிலா, எண்ணத்திலா? தவறியவனுக்கு மீட்சி எங்கே? நான் எந்தப் பழமொழியில் தொடங்குவேன் என்பது என்னை முன்பே கேட்டவர்களுக்குத் தெரியும். 'தன்வினை தன்னைச் சுடும். ஓட்டப்பம் வீட்டைச் சுடும்.'

பத்துக் கட்டளைகள் முன்னிலையில் பேசுகின்றன: கொலை செய்யாதே, களவு செய்யாதே. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து உன்னை மீட்டவர் நானே என்று உறவை நினைவூட்டிய பிறகே கடவுள் அங்கே ஆணையிடுகிறார். பௌத்தரின் ஐந்து ஒழுக்க உறுதிகளான பஞ்சசீலமோ தன்மையில் பேசுகிறது: உயிர்க்கொலையிலிருந்து விலகி நிற்கும் பயிற்சியை நான் மேற்கொள்கிறேன். முன்னது கீழ்ப்படிதல், பின்னது பயிற்சி. சீலம் முறிந்தால் தண்டிக்க ஒருவர் வருவதில்லை, தன்வினையே சுடும். இரண்டாம் வினாவில் இருவரும் நெருங்கி வருகிறார்கள். இயேசு மலைப்பொழிவில் சினத்தையே கொலையின் வரிசையில் வைத்தார். புத்தர் எண்ணத்தையே வினை என்றார்.

ஆனால் குடியில் வழி பிரிகிறது. ஐந்தாம் சீலம் மயக்கும் பானங்களை அறவே விலக்குகிறது. பத்துக் கட்டளைகளில் குடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கானாவூர்த் திருமணத்தில் இயேசுவால் தண்ணீர் திராட்சை ரசமாயிற்று. குடிவெறியைக் கண்டித்த திருத்தூதர் பவுலே, தம் சீடர் தீமோத்தேயுவின் வயிற்று நோய்க்குச் சிறிது ரசம் பருகச் சொன்னார். இந்தச் சிறிய இடைவெளிக்குள் நம்மூர் மாட்டுவண்டிக்காரர் ஒருவர் தம் வண்டியையே ஓட்டிவிட்டார்.

என் சிறுவயதில் அவர் எங்கள் தெருவில் இருந்தார். ஆண்டு முழுதும் குடிப்பார். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் நாற்பது நாளும் கள்ளைத் தொடமாட்டார். அந்த நாற்பது நாளில்தான் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை வரும், கூரைக்குப் புது ஓலை வரும். ஓராண்டு, விவரம் தெரிந்த யாரோ அவரிடம், "மாமா, திருநீற்றுப் புதன் முதல் புனித சனி வரை எண்ணிப் பாருங்கள், 46 நாள் வரும், ஞாயிறுகளைக் கழித்தால்தான் நாற்பது" என்று சொல்லிவிட்டார். கணக்கு சரிதான். அவ்வளவுதான், ஆறு ஞாயிறும் அவருக்குத் திருநாளாகிவிட்டன. குருத்து ஞாயிறன்று குருத்தோலையும் கையுமாகக் கள்ளு ஷாப்பிலிருந்து வந்தவரை, அவர் மனைவி கைப்பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கோயில் வாசலில் நிறுத்தினார். "சாமி, ஆண்டவர் கணக்கில் ஞாயிறு சேராதென்றால் சரி. என் அடுப்புக் கணக்கில் அது சேருமா, சேராதா? அதை மட்டும் இந்த மனுசனுக்குச் சொல்லுங்கள்" என்றார். அப்போதிருந்த பங்குத்தந்தை வெகுநேரம் பேசவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் நம் பங்குத்தந்தை அவர்கள் சிரிக்கிறார்கள். அவரிடமும் இப்படி யாரேனும் வந்திருப்பார்கள் போலும்.

கள்ளை மறுத்தவன் கதை ஒன்று பௌத்தக் காப்பியமான மணிமேகலையில் உண்டு. கப்பல் உடைந்து நாகர் நாட்டில் ஒதுங்கிய சாதுவனுக்கு நாகர் தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் கொடுக்கச் சொன்னான். சாதுவன் மறுத்தான். ஆனால் அந்தத் தலைவனிடம் எல்லாவற்றையும் ஒரே நாளில் விடு என்று கேட்கவில்லை; கலம் உடைந்து வருவோரைக் கொல்லாதே, மூத்து இறக்கும் விலங்கன்றி வேறு உயிரைக் கொல்லாதே என்று அவனால் இயன்ற அளவே கேட்டான்.

நானும் இயன்ற அளவே கேட்கிறேன். மது விஷம், அதை உண்டாக்காதே, கொடுக்காதே, குடிக்காதே என்று கேரளத்துச் சமூகச் சீர்திருத்தத் துறவி நாராயண குரு சொன்ன மண் இது. இங்கே சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளில் இறக்கும் கள் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்கும் போகிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை என்பதால் எல்லைக்கு அப்பாலிருந்தும் குடிக்க வருகிறார்கள். (அங்கே சீசாவில் அடைத்ததற்குத் தடையில்லை என்பது வேறு கதை.) கள் இறக்கும் தொழிலாளியின் சோற்றில் மண் போட நான் வரவில்லை, பள்ளிக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு கள்ளுக்கடையை வேறிடத்துக்கு மாற்றுங்கள் என்கிறேன். தன்வினை தன்னை மட்டும் சுட்டால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். பழமொழியின் பிற்பாதியைப் பாருங்கள்: அப்பம் ஒருவருடையது, எரிவதோ வீடு.

மூன்றாவதாக மீட்சியைப் பற்றிச் சொல்வதாக இருந்தேன். தலைவர் அம்மையார் மணி பார்க்கிறார்கள். மன்னிப்பைப் பற்றிப் பங்குத்தந்தை இருக்கும் மேடையில் நான் பேசுவதும் முறையன்று. மனு வாசலருகே மேசையில், தமிழில் ஒன்றும் மலையாளத்தில் ஒன்றுமாக இருக்கிறது. பேனா ஒன்றுதான் உண்டு. தாய்மார்கள் முதலில் கையெழுத்திடட்டும்.